ஐப்பசிக்கு முன்னால் தெரு கூடட்டும்: வெள்ளம் வரும் ஊரில் சேர்ந்து சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டித் தீர்த்த அன்று, எங்கள் தெருவில் ஆளாளுக்கு அவரவர் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். நானும் அடுக்கினேன். நான் தடுத்த தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனது, அவர்கள் தடுத்தது அதற்கடுத்த வீட்டுக்கு. கடைசியில் மொத்தத் தண்ணீரும் தெருக்கோடியில் பள்ளத்தில் இருந்த வீட்டுக்குள் இறங்கிவிட்டது. அங்கே எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாவும், படுத்த படுக்கையாக இருந்த அவர் கணவரும் மட்டும்தான். விடிகாலையில் ஒரு மரக்கதவைக் கழற்றி, அதில் பெரியவரைக் கிடத்தித் தூக்கிவந்தோம்.

"சாயங்காலமே ஒரு குரல் கொடுத்திருக்கலாமே, அம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டைப் பார்த்துட்டு இருந்தீங்க. எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன், தம்பி" என்றார்.

அந்தப் பதில் இன்னும் எனக்குள் இருக்கிறது. தண்ணீர் தெருவாகத்தான் வருகிறது, வீடு வீடாக வருவதில்லை. அதனால் தெருவிலேயே பள்ளமான வீடு எதுவோ அங்கிருந்துதான் திட்டம் தொடங்க வேண்டும். அப்படிச் செய்துபார்த்ததில் கற்றுக்கொண்டதை மாத வரிசையில் எழுதுகிறேன். சென்னையின் தெற்கு, மேற்குப் பகுதிகளை மனதில் வைத்து எழுதினாலும், வடகிழக்குப் பருவமழையில் நனையும் எந்த ஊருக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஆடி, ஆவணி: உங்களை மூழ்கடிப்பது எந்தத் தண்ணீர்?

மழைக்காலம் வந்துவிட்டால் எல்லோரும் தொலைக்காட்சியில் செம்பரம்பாக்கம் ஏரியின் அளவைப் பார்க்கிறோம். அதன் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015-இல் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகில். முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்கள் அதற்கு மேற்பக்கம் இருக்கின்றன. அங்கே வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். அங்கே குடியிருப்பவர் செம்பரம்பாக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தால் ஏமாந்துபோவார். அதுவே ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்றால், செம்பரம்பாக்கத்தைக் கண்ணை எடுக்காமல் பார்க்கத்தான் வேண்டும்.

வேளச்சேரியின் கதை வேறு. அங்கே ஆறு இல்லை. சுற்றியுள்ள ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். ஒருகாலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்பு நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பங்குதான். 2022-இல் அதற்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது, நல்லது. ஆனால் மடுவு அடைத்துக்கொண்டாலோ, கடல் பொங்கித் தண்ணீரை உள்ளே வாங்காமல் எதிர்த்தாலோ, வேளச்சேரியில் நின்ற தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும்.

ஆகவே முதல் வேலை நடப்பது. ஆடியில் தரை காய்ந்திருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துப் பேராகச் சேர்ந்து உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகிறதோ அந்த வழியிலேயே நடந்துபோங்கள். அது சேரும் கால்வாய், ஏரி, கலங்கல் (ஏரியின் உபரிநீர் வழியும் இடம்) வரைக்கும் போய்வாருங்கள். அந்த இடம் வயலாக இருந்தபோது உழுத பெரியவர் ஒருவராவது ஊரில் இருப்பார். அவரைக் கட்டாயம் அழைத்துப்போங்கள். "இங்கதான் மறுகால் பாயும், இந்த மதில் இருக்கிற இடம் வாய்க்கா" என்று அவர் கைகாட்டும் இடத்தை எந்த வரைபடமும் காட்டாது. ஊர்ப்பெயரையும் கவனியுங்கள். பழவந்தாங்கலில் உள்ள தாங்கல் என்ற சொல் சிறிய ஏரியைக் குறிப்பது. தெருப்பெயரில் ஏரிக்கரை, மடுவு, மதகு என்றெல்லாம் வந்தால் காரணம் இருக்கும்.

அப்புறம் மட்டம் பார்ப்பது. இதற்கு இன்ஜினியர் வேண்டாம், ஒரு கொத்தனார் போதும். மட்டம் பார்க்க அவர்கள் வைத்திருக்கும் கண்ணாடி போன்ற நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருமுனைக் கம்பத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொரு முனையை வீடு வீடாக எடுத்துப்போக வேண்டும். குழாய்க்குள் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். எங்கள் தெருவில் பார்வைக்கு ஒரே மட்டமாகத் தெரிந்த வீடுகளுக்கு நடுவே ஒன்றரை அடி வித்தியாசம் இருந்தது. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பழைய வீடுகள் சாலைக்குக் கீழே போய்விட்டன.

அந்தக் கம்பத்திலேயே வெள்ளக்கோடுகளையும் வரைந்துவிடுங்கள். 2015-க்கு ஒரு கோடு, 2023 மிக்ஜாம் புயலுக்கு ஒரு கோடு. இன்னொரு கோடு மிக முக்கியம்: பள்ளத்து வீட்டின் வாசற்படிக்கு நான்கு அங்குலம் கீழே, சிவப்பில். தண்ணீர் அதைத் தொட்டால் பள்ளத்து வீட்டார் கிளம்ப வேண்டும். அவர்கள் எந்த வீட்டு மாடிக்குப் போவார்கள் என்பது ஆவணியிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியல்

இந்த வேலையில்தான் பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் தவறுகின்றன. சந்தா கட்டும் வீட்டு உரிமையாளர்களின் பெயர் இருக்கும், மற்றவர்கள் இருக்க மாட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே படுக்கும் காவலாளி, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள், போன மாதம் தரைத்தளத்துக்குக் குடிவந்த குடும்பம், கால்வாய் ஓரத்துக் குடிசைகள் — வெள்ளம் முதலில் தொடுவது இவர்களைத்தான். இவர்களை விட்டுவிட்டுப் போடும் பட்டியல் பட்டியலே இல்லை.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன தேவை என்று எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை டயாலிசிஸ், எந்தக் கிழமை; ஆக்ஸிஜன் இயந்திரம் இருக்கிறதா; கர்ப்பிணிக்கு எப்போது நாள் குறித்திருக்கிறார்கள்; இன்சுலின் போடுபவர் யார்; யாரால் படி ஏற முடியாது; காது கேளாதவர் யார். அப்புறம், ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக இரண்டு பேர். ஒருவர் ஊரில் இல்லாமல் போய்விடலாம், அதனால்தான் இரண்டு. "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைத்துத்தான் அன்று அந்த அம்மாவை விட்டுவிட்டோம்.

பட்டியலைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூன்று வீடுகளில் வையுங்கள். நோய் விவரம் உள்ள தாள் பொறுப்பாளர்களிடம் இருந்தால் போதும், தெருவுக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

புரட்டாசி: வடிகாலும் பொதுச் சாமானும்

ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு பெரிய தண்ணீர் லாரி. தெருவில் நாற்பது மனை இருந்தால் எண்பது லாரி. வடிகாலின் வாயில் கிடக்கும் பிளாஸ்டிக் பையின் அருமை இந்தக் கணக்கில்தான் புரியும்.

நாமே செய்யக்கூடியது: மழைநீர் வடிகாலின் நுழைவாய்களில் அடைத்திருக்கும் குப்பை, இலை, கட்டட மண்ணை எடுப்பது. வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டியிருந்தால், வண்டல் தூர்ந்திருந்தால், படத்தோடு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுங்கள், சென்னையில் என்றால் 1913-க்குச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. பாதாளச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ யாரையும் இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் விஷவாயு நொடியில் ஆளைக் கொன்றுவிடும். நம் தெரு வடிய ஒரு மனிதனின் உயிர் போகக்கூடாது.

முன்பு கிராமங்களில் குடிமராமத்து என்று ஊரே கூடி ஏரிக்கரையையும் வாய்க்காலையும் பராமரித்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனிக் குழு வைத்திருந்தது தெரிகிறது. நமக்கு இது புதிய பழக்கம் இல்லை, நடுவில் விட்டுப்போனது.

பொதுச் சாமானுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களையும் முடியாதவர்களையும் கட்டாயப்படுத்த வேண்டாம். எங்களிடம் இருப்பவை: விரல் தடிமனில் நூறு அடி நைலான் கயிறு இரண்டு, லாரி டயர் ட்யூப் நான்கு, ஒரு ஸ்ட்ரெச்சர், மூங்கில் கழிகள், சிவப்புத் துணி, விசில்கள், பேட்டரி மெகாபோன், டார்ச்சுகள், டீசல் பம்பு ஒன்று, முதலுதவிப் பெட்டி. டயர் ட்யூபுக்குக் காற்றடிக்கும் பம்பை மறந்துவிட்டு ஒரு வருடம் திண்டாடினோம். இவை எல்லாம் மேட்டு வீட்டு மாடியில் இருக்க வேண்டும், சாவி இரண்டு பேரிடம். புரட்டாசி கடைசி வாரம் டீசல் பம்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வீட்டளவில் செய்ய வேண்டியது உங்களுக்கே தெரியும்: ஆதார், பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் தண்ணீர் புகாத உறையில், பத்து நாள் மருந்து, தரைத்தளத்து இன்வெர்ட்டரை உயரமான மேடையில் ஏற்றுவது.

ஐப்பசி: எச்சரிக்கையைப் படிப்பது, பரப்புவது

வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6-இலிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் மாறுவது நம்மைத் தயார்ப்படுத்த. ஆனால் மாவட்டத்துக்குக் கொடுக்கும் நிறம் உங்கள் தெருவின் பள்ளத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அதனால் கம்பத்துக் கோட்டோடு சேர்த்துப் படியுங்கள். ஆரஞ்சு வந்தால் பொறுப்பாளர்கள் பட்டியலில் உள்ளவர்களை நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். சிவப்பு வந்தால், மழை தொடங்காவிட்டாலும், டயாலிசிஸ் நோயாளியையும் நாள் நெருங்கிய கர்ப்பிணியையும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மழை ஏமாற்றிவிட்டால் ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழு வேண்டும்தான். ஆனால் அதில் ஒரே ஒருவர்தான் தண்ணீர் அளவு போட வேண்டும்: மணி, கம்பத்தில் எந்தக் கோடு, ஏறுகிறதா வடிகிறதா. "ஏரி உடைந்துவிட்டது" என்று எங்கிருந்தோ வரும் குரல் பதிவை, ஏரியைப் பார்க்கும் நீர்வளத் துறையினரிடமோ கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையிலோ (1077) கேட்டு உறுதி செய்யாமல் பகிரக்கூடாது என்று முதல்நாளே பேசி வையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

2015-இல் மின்சாரம் போய், செல்போன் டவரும் செத்து, கையில் போன் இருந்தும் ஊமையாகிவிட்டோம். அன்றைக்கு உதவுவது மனிதக் குரல்தான். வங்கதேசத்தில் 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கட்டிய தொண்டர் படையில் இன்று 76,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், பாதிப்பேர் பெண்கள். கொடியேற்றி, மெகாபோனில் கூவி, கதவைத் தட்டிச் சொல்கிறார்கள். பெண்கள் சொன்னால் பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்பது அங்கே கண்ட அனுபவம். நம் ஊரில் கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் மைக், சர்ச் மணி எல்லாம் இருக்கின்றன. பொறுப்பில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி, மூன்று முறை விட்டு விட்டு அடித்தால் கிளம்ப வேண்டும் என்பது போல ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத தொழிலாளர்களுக்கு அவர்களில் ஒருவரையே சொல்லவைக்க வேண்டும்.

தண்ணீர் ஏறும் இரவு

முதலில் வண்டிகள். வேளச்சேரிக்காரர்கள் மழைக்கு முன்பே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிறுத்துங்கள், ஆனால் ஆம்புலன்ஸ் போக வழிவிட்டு.

தண்ணீர் வாசல் ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஈரக் கையோடு, தண்ணீரில் நின்றுகொண்டு தொடக்கூடாது. தெரு மின்பெட்டியில் தண்ணீர் ஏறினால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லி இணைப்பைத் துண்டிக்கக் கேளுங்கள். தெருவே ஒன்றாகக் கேட்டால் சீக்கிரம் நடக்கும். "எங்க வீட்டுல இன்னும் தண்ணி வரல, கரண்டை நிறுத்தாதீங்க" என்று ஒருவர் சண்டை போடுவார். அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

தரைத்தளக் கழிப்பறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வரும். சின்னப் பையில் மணல் கட்டி அந்த வாயை அடையுங்கள்.

மணல் மூட்டை அடுக்குவது என்றால், தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் திரும்பும் என்று பார்த்து அடுக்குங்கள். எங்கள் தெருவில் இப்போது முதல் இருபது மூட்டை பள்ளத்து வீட்டுக்குத்தான். மற்றவர்களுக்கு மிச்சம்.

சிவப்புக் கோட்டைத் தொட்டதும் ஆட்களை நகர்த்த வேண்டும். அரை அடி ஆழமே என்றாலும் வேகமாக ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும். ஓர் அடி சின்னக் காரை அசைக்கும், இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் மிதந்துவிடும். நடந்தே தீர வேண்டுமென்றால் கயிற்றை இரு பக்கமும் கட்டி, அதைப் பிடித்து, முன்னால் போகிறவர் கழியால் தரையைத் தட்டிப் பார்த்து அடிவைக்க வேண்டும். மூடி திறந்த சாக்கடை எங்கே இருக்கிறது என்று தண்ணீருக்கு மேல் தெரியாது. மூடி பெயர்ந்த இடத்தில் உடனே கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். ஓடும் தண்ணீரில் நீந்தத் தெரியும் என்ற துணிச்சலில் இறங்காதீர்கள்.

இடுப்பளவுக்கு மேல் போனால் படகுதான். 2015-இல் சென்னையில் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 2018-இல் கேரளத்தில் மீனவர்கள் மீட்டவர்கள் மட்டும் சுமார் 65,000 பேர். கடலோரக் குப்பம் ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தால், மழைக்கு முன்பே அவர்களோடு பேசிப் பழகி வையுங்கள். படகை ஏற்ற லாரிக்கும், என்ஜினுக்கு டீசலுக்கும், அடிபட்ட படகைச் சரிசெய்யவும் நாம் பணம் தர வேண்டும். அவர்களுடைய பிழைப்பே அந்தப் படகுதான்.

சாப்பாடு ஒரே அடுப்பில் ஆகட்டும். மேட்டு வீட்டு மாடியில் ஒரு பெரிய அண்டா, அரிசி, பருப்பு, இரண்டு சிலிண்டர் இருந்தால் தெருவே சாப்பிடும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பெய்தபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். தாங்களே வெள்ளத்தில் இருந்த பக்கத்து ஊர் மக்கள்தான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால், தண்ணீர் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு டப்பாவில் மூடி வையுங்கள், சில நாள் தாங்கும்.

வடிந்த பிறகு

வடிந்தவுடன் வீட்டுக்குள் ஓடாதீர்கள். பாம்பு, அலமாரி இடுக்கிலும் மெத்தைக்கு அடியிலும் ஒதுங்கியிருக்கும். கழியால் தட்டிக்கொண்டு போங்கள், கண்டால் தீயணைப்புத் துறையை (101) கூப்பிடுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்ச் போடக்கூடாது. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், என்ஜின் போய்விடும்.

சேற்றை வாரும் முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற தடத்தோடு, பக்கத்தில் அளவு நாடா பிடித்து. நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் அது தேவைப்படும். 2023-இல் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக வந்தது. கார்டு இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதும் தெருவின் வேலைதான்.

சம்ப்பில் வெள்ளநீர் புகுந்திருந்தால் முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே இறங்கும் முன் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடவேண்டும், தனியாளாக இறங்கக்கூடாது. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். குடிப்பதற்குக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "சேற்றில் நின்றேன்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

குப்பை அள்ள வரும் தூய்மைப் பணியாளர்கள், பல நேரம் வேறு ஊரிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள். தங்க இடமும் மாற்றுடையும் இல்லாமல் நிற்பார்கள். கையுறை, காலுறை, சுடுசோறு, குளிக்க வெந்நீர் கொடுங்கள். உடைந்த கண்ணாடியைத் தனியே கட்டி வையுங்கள்.

இன்னொன்று. பள்ளத்து வீட்டைக் கடைசியாக அல்ல, முதலில் கழுவுங்கள். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து அந்த அம்மா வீட்டை ஒரே நாளில் கழுவினோம். அடுப்பங்கரைச் சுவரில் சேறு படிந்த முருகன் காலண்டரை மட்டும் அவர் கழற்ற விடவில்லை. துடைத்து அங்கேயே மாட்டினோம்.

தை: எழுதிக் கொடுப்பது

மழை நின்றதும் எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதிகாரிகளும் நாமும். ஆனால் பொங்கல் முடிந்த கையோடு எழுதினால்தான் கோடையில் வேலை தொடங்கும். ஊராட்சி என்றால் ஜனவரி 26 கிராமசபை தோதான நாள். மாநகராட்சி என்றால் வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும். பொதுவாக "வெள்ளம் வருகிறது" என்று எழுதினால் எதுவும் நடக்காது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எந்தக் கோடு, எத்தனை மணி நேரம் நின்றது, எந்த இடத்தில் அடைப்பு என்று வாட்ஸ்அப்பில் போட்ட அளவுகளைத் தாளில் எடுத்து, மட்டக் கணக்கையும் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள். சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இலேயே அரசு சொல்லியிருக்கிறது, அதையும் குறிப்பிடுங்கள். வடிகால் வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மேல் தெரு, கீழ்த் தெரு என்று தண்ணீர் போகும் வழியில் உள்ள எல்லாத் தெருவும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். இல்லாவிட்டால் நம் தெருத் தண்ணீரை அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுவதாகவே முடியும்.

பட்டியலை அன்றைக்கே திருத்திவிடுங்கள். பிறந்த குழந்தை, புதிதாகக் குடிவந்தவர், போனவர். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதன் நகலைக் கயிறும் மெகாபோனும் இருக்கும் மாடிப் பெட்டியிலேயே போட்டுப் பூட்டுங்கள். ஆடியில் திறக்கும்போது முதலில் அது கையில் படும்.